எக்செல் தாளுக்குள் வேர்ட் ஆவணம்: உட்பொதிப்பதும் அச்சிடுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணக்கு ஒரு கோப்பிலும் அதற்கான விளக்கம் இன்னொரு கோப்பிலும் கிடந்தால், தேவைப்படும் நேரத்தில் இரண்டில் ஒன்று கைக்கு அகப்படாது. அதனால்தான் பலரும் விலைப்பட்டியலுக்குப் பக்கத்திலேயே நிபந்தனைகளையும், வரவுசெலவுத் தாளுக்குள்ளேயே திட்ட அறிக்கையையும் வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். வைப்பது எளிது. அச்சிடும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. கீழே உள்ள பதில்கள் விண்டோஸ் கணினியில் இயங்கும் எக்செலையும் வேர்டையும் மனத்தில் வைத்து எழுதியவை. மற்ற மென்பொருள்களைப் பற்றிப் பின்னால் சொல்லியிருக்கிறேன். மெனுப் பெயர்கள் பெரும்பாலானோர் திரையில் ஆங்கிலத்திலேயே இருப்பதால் அவற்றை அதே ஒலியில் தந்திருக்கிறேன்.

உட்பொதிப்பது என்றால் என்ன? நகலெடுத்து ஒட்டினால் போதாதா?

வேர்டில் இருக்கும் நான்கு பத்திகளை நகலெடுத்து எக்செல் தாளில் ஒட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பத்தியும் ஒரு கட்டத்தில் போய் உட்காரும். நீளமான பத்தி ஒரே வரியாக வலப்பக்கம் ஓடும். வரும் எழுத்து வந்துவிடும். பக்கத்தின் அமைப்பு வராது.

உட்பொதித்தால் ஆவணம் ஆவணமாகவே உள்ளே வருகிறது. தலைப்பு, அட்டவணை, படம், எண்ணிட்ட பட்டியல் எல்லாம் அப்படியே இருக்கும். அதன்மேல் இருமுறை சொடுக்கினால் சுற்றிலும் கோடு போட்ட சட்டம் தோன்றி, எக்செலின் மெனு இருந்த இடத்தில் வேர்டின் மெனு வந்துவிடும். திருத்திவிட்டு வெளியே ஏதாவது ஒரு கட்டத்தில் சொடுக்கினால் மீண்டும் எக்செல். 1990களின் தொடக்கத்திலிருந்து விண்டோஸில் இருந்துவரும் ஓஎல்இ என்ற ஏற்பாடுதான் இதைச் செய்கிறது. ஒரு மென்பொருளின் கோப்பு இன்னொன்றின் கோப்புக்குள் குடியிருக்க வழிசெய்வதே அதன் வேலை.

எப்படி உள்ளே வைப்பது?

'இன்சர்ட்' பட்டையில் 'டெக்ஸ்ட்' பகுதிக்குப் போய் 'ஆப்ஜெக்ட்' என்பதைச் சொடுக்குங்கள். இரண்டு தாவல்கள் உள்ள பெட்டி திறக்கும். புதிதாக எழுதப்போகிறீர்கள் என்றால் 'கிரியேட் நியூ'. ஏற்கெனவே கோப்பு இருந்தால் 'கிரியேட் ஃப்ரம் ஃபைல்'. இரண்டாவதில் 'பிரவுஸ்' மூலம் கோப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதே பெட்டியில் இரண்டு சிறு தேர்வுகள் இருக்கின்றன. 'லிங்க் டு ஃபைல்' என்பதில் டிக் வைத்தால் ஆவணம் உள்ளே வராது, அதற்கான இணைப்பு மட்டும் வரும். 'டிஸ்ப்ளே ஆஸ் ஐகான்' என்பதில் டிக் வைத்தால் பக்கத்துக்குப் பதிலாகச் சின்னம் மட்டும் தெரியும். இந்த இரண்டாவது தேர்வை வைத்துவிட்டு, அச்சில் ஏன் ஒரு சிறு சின்னம் மட்டும் வருகிறது என்று கேட்பவர்கள் உண்டு. திரையில் சின்னம் என்றால் தாளிலும் சின்னம்தான்.

ஆறு பக்க ஆவணத்தை உட்பொதித்தேன். அச்சில் முதல் பக்கம் மட்டுமே வருகிறது. மீதி எங்கே போயிற்று?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே இந்தக் கேள்விதான். ஒருமுறை விலைப்புள்ளித் தாளில் ஆறு பக்க நிபந்தனைகளை உட்பொதித்து, முன்னோட்டத்தில் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நாற்பது பிரதிகள் எடுத்தேன். கூட்டத்தில் தாளைப் புரட்டியவர் 'மூன்றாவது நிபந்தனையோடு நின்றுவிட்டதே' என்று கேட்ட பிறகுதான் விவரம் தெரிந்தது. மீதி ஐந்து பக்கங்கள் எங்கும் போகவில்லை, கோப்புக்குள்தான் இருந்தன. அச்சுப்பொறிக்குத்தான் அவை போகவில்லை.

ஏன் என்று கண்ணாலேயே பார்க்கலாம். உட்பொதித்த எக்செல் கோப்பைச் சேமித்து மூடிவிட்டு, அதன் பிரதி ஒன்றை எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்ற பகுதியை ஜிப் என்று மாற்றுங்கள். 2007 பதிப்பிலிருந்து எக்செல் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதிதான், அதாவது பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாக வைத்த கட்டு. அதைத் திறந்தால் 'எக்ஸ்எல்' என்ற உறை (ஃபோல்டர்), அதற்குள் 'எம்பெடிங்ஸ்' என்ற உறை. உங்கள் வேர்ட் ஆவணம் முழுதாக, ஆறு பக்கங்களுடன், அங்கே இருக்கும். பக்கத்தில் 'மீடியா' என்ற உறையில் இஎம்எஃப் வகைப் படம் ஒன்று இருக்கும். அது ஆவணத்தின் முதல் பக்கத்தைக் காட்டும் படம்.

எக்செல் திரையில் காட்டுவது அந்தப் படத்தை. அச்சுக்கு அனுப்புவதும் அந்தப் படத்தை. பின்னால் இருக்கும் ஆவணத்தில் எத்தனை பக்கங்கள் என்பது எக்செலுக்குத் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. சட்டத்தின் கீழ்விளிம்பை இழுத்து நீட்டினால் அடுத்த பக்கம் தெரியும் என்று நினைத்து இழுப்பவர்கள் பலர். படம்தான் நீளும், எழுத்து சப்பையாகும்.

வேர்ட் ஆவணத்தின் மேற்குறிப்பும் அடிக்குறிப்பும் இந்தப் படத்தில் வராமல் போவதும் இதே காரணத்தால்தான். பக்கத்தின் உடற்பகுதி மட்டுமே படமாகிறது. நிறுவனச் சின்னத்தை மேற்குறிப்பில் வைத்திருந்தால் அதை எக்செலின் மேற்குறிப்பில் தனியாக வைக்க வேண்டும்.

அப்படியானால் எல்லாப் பக்கங்களையும் எப்படித்தான் அச்சிடுவது?

நான் நம்பிச் செய்வது ஒரே வழி: ஆவணத்தை வேர்டிலிருந்து அச்சிடுவது. உட்பொதித்த ஆவணத்தின்மேல் (எக்செல் இதை 'ஆப்ஜெக்ட்', அதாவது பொருள் என்கிறது) வலது சொடுக்குச் செய்து, 'டாக்குமென்ட் ஆப்ஜெக்ட்' என்பதில் 'ஓப்பன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'எடிட்' வேண்டாம், அது தாளுக்குள்ளேயே திறக்கும். 'ஓப்பன்' கொடுத்தால் வேர்ட் தனிச் சாளரத்தில் முழு ஆவணத்தையும் காட்டும். அங்கே கன்ட்ரோல், பி இரண்டையும் சேர்த்து அழுத்தி, முன்னோட்டத்தில் பக்கங்களின் எண்ணிக்கையும் ஓரங்களும் சரிதானா என்று பார்த்த பிறகு அச்சிடுங்கள். பக்க அளவு மாறியிருப்பதாகத் தெரிந்தால் அங்கிருந்தே தனிக் கோப்பாகப் பிரதி எடுத்துச் சேமித்து, அதைச் சரிசெய்து அச்சிடலாம்.

எல்லாம் ஒரே கோப்பாக, ஒரே கட்டளையில் அச்சாக வேண்டும் என்றால் பிடிஎஃப் வழியே போவது நல்லது. எக்செல் தாளைப் பிடிஎஃப் ஆக்குங்கள், வேர்ட் ஆவணத்தைத் தனியே பிடிஎஃப் ஆக்குங்கள், பிறகு இரண்டையும் இணைக்கும் மென்பொருளில் வரிசைப்படுத்திச் சேருங்கள். பிடிஎஃப்சாம் போன்ற திறமூல மென்பொருளே இதற்குப் போதும். ஒன்றை மறக்கக்கூடாது: எக்செலிலிருந்து பிடிஎஃப் எடுத்தாலும் உட்பொதித்த ஆவணத்தின் படம்தான் அதில் வரும். உள்ளே இருக்கும் ஆறு பக்கங்கள் தாமாக விரிந்து பிடிஎஃபில் சேராது.

பக்கங்கள் எக்செல் தாளிலேயே வரிசையாக நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், வேர்ட் ஆவணத்தைப் பக்கத்துக்கு ஒரு கோப்பாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக உட்பொதிக்கலாம். அல்லது ஒவ்வொரு பக்கத்தின் உள்ளடக்கத்தையும் நகலெடுத்து, 'பேஸ்ட் ஸ்பெஷல்' மூலம் 'பிக்சர், என்ஹான்ஸ்டு மெட்டாஃபைல்' என்று ஒட்டலாம். இரண்டு, மூன்று பக்கம் வரை இது தாங்கும். அதற்கு மேல் போனால், முதல் பக்கத்தில் ஒரு வரி கூடினால் எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தனித்தனியாக அச்சிட்டால் பக்க எண் குழம்பாதா?

குழம்பும், ஆனால் இரண்டு இடங்களில் எண்ணை மாற்றினால் தீர்ந்துவிடும். முதல் எக்செல் தாள் 3 பக்கம், நிபந்தனைகள் 6 பக்கம், அதற்குப் பின் இன்னொரு எக்செல் தாள் என்று வைத்துக்கொள்வோம். வேர்டில் பக்க எண் அமைப்பில் 'ஸ்டார்ட் அட்' என்ற இடத்தில் 4 என்று கொடுங்கள். இரண்டாவது எக்செல் தாளில் 'பேஜ் செட்டப்' பெட்டியின் 'பேஜ்' தாவலில் 'ஃபர்ஸ்ட் பேஜ் நம்பர்' என்ற இடத்தில் 'ஆட்டோ' என்றிருக்கும். அதை அழித்துவிட்டு 10 என்று எழுதுங்கள். மூன்று கட்டாக அச்சிட்டுச் சேர்த்தாலும் எண்கள் தொடர்ந்து வரும். படிப்பவருக்கு இது ஒரே அறிக்கையாகத்தான் தெரியும்.

ஒரு பக்க ஆவணம்தான். ஆனாலும் கடைசி வரிகள் வெட்டுப்பட்டு அடுத்த தாளுக்குப் போகின்றன. ஏன்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். ஏ4 தாள் 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. உயரம். வேர்டின் வழக்கமான ஓரம் நான்கு பக்கமும் 2.54 செ.மீ. ஆக, முழுதாக நிரம்பிய ஒரு பக்கத்தின் எழுத்துப் பகுதி ஏறத்தாழ 15.9 செ.மீ. அகலமும் 24.6 செ.மீ. உயரமும் இருக்கும். எக்செலின் வழக்கமான ஓரம் இடம் வலம் 1.78 செ.மீ., மேல் கீழ் 1.91 செ.மீ. அச்சுக்குக் கிடைக்கும் இடம் 17.4 செ.மீ. அகலம், 25.9 செ.மீ. உயரம்.

அகலத்தில் சிக்கல் இல்லை. உயரத்தில் மிஞ்சுவது வெறும் 1.3 செ.மீ. எக்செலின் வழக்கமான வரிசை 15 புள்ளி உயரம், அதாவது அரை செ.மீ.க்குச் சற்று அதிகம். ஆகவே ஆவணத்துக்கு மேலே இரண்டு வரிசை தலைப்பு வைக்கலாம். மூன்றாவது வரிசை வைத்தால் அடிப்பகுதி அடுத்த தாளுக்குத் தள்ளப்படும். எக்செல் படத்தைப் பக்க முறிவுக்கு ஏற்ப நகர்த்தாது. முறிவுக் கோடு எங்கே விழுகிறதோ அங்கேயே வெட்டும், ஓர் எழுத்து வரியின் நடுவில் விழுந்தாலும் சரி. மேல்பாதி ஒரு தாளிலும் கீழ்ப்பாதி இன்னொரு தாளிலுமாக வந்த வரியை நான் பார்த்திருக்கிறேன்.

செய்யவேண்டியது: 'வியூ' பட்டையில் 'பேஜ் பிரேக் ப்ரிவியூ' என்பதைத் திறந்து நீலக் கோடுகளைப் பாருங்கள். ஆவணத்துக்கு முந்தைய வரிசையோடு பக்கத்தை முறித்து, ஆவணம் புதிய தாளின் உச்சியில் தொடங்குமாறு வையுங்கள். அதைவிட நல்லது, ஆவணத்துக்கென்று தனிப் பணித்தாள் ஒன்றை ஒதுக்குவது. அப்போது அந்தத் தாளின் ஓரங்களை மற்றவற்றைத் தொடாமல் மாற்றலாம்.

'ஃபிட் டு 1 பேஜ்' என்ற எளிய வழியும் உண்டு. ஆனால் அது தாள் முழுவதையும் சுருக்கும். 70 விழுக்காட்டுக்குச் சுருங்கினால் 11 புள்ளி எழுத்து 7.7 புள்ளி ஆகிவிடும். நிபந்தனைகளை அந்த அளவில் அச்சிட்டுக் கையெழுத்து வாங்குவது படிப்பவருக்குச் செய்யும் நியாயம் அல்ல.

திரையில் தெரிகிறது, அச்சில் வரவே இல்லை. என்ன காரணம்?

நான்கு இடங்களைப் பாருங்கள். முதலில் பொருளின்மேல் வலது சொடுக்கு, 'ஃபார்மட் ஆப்ஜெக்ட்', 'ப்ராப்பர்டீஸ்' தாவல். அங்கே 'பிரிண்ட் ஆப்ஜெக்ட்' என்பதில் டிக் இருக்க வேண்டும். பெரும்பாலான சமயம் குற்றவாளி இதுதான். அடுத்து 'பேஜ் செட்டப்' பெட்டியின் 'ஷீட்' தாவலில் 'டிராஃப்ட் குவாலிட்டி' என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். மை மிச்சப்படுத்தும் அந்த ஏற்பாடு படங்களை விட்டுவிடும். மூன்றாவது, அச்சுப் பரப்பு. யாரோ முன்பு குறித்துவைத்த 'பிரிண்ட் ஏரியா'வுக்கு வெளியே ஆவணம் இருந்தால் அது வராது. நான்காவது, கோப்பை அனுப்பியவர் ஆவணத்தைச் சின்னமாக வைத்திருந்தால், அச்சில் அந்தச் சிறு சின்னம் மட்டும் வந்து கட்டங்களுக்கு நடுவே கண்ணில் படாமல் போகலாம்.

திரையிலிருந்தும் சேர்ந்து மறைந்துவிட்டது என்றால் கன்ட்ரோல், 6 இரண்டையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். எல்லாப் பொருள்களையும் மறைக்கவும் காட்டவும் அந்த விசைகள்தான். கை தவறிப் பட்டிருந்தால் ஆவணம் அழிந்துவிட்டது என்று பதறவேண்டியதில்லை.

எழுத்து மங்கலாக அச்சாகிறது. இருமுறை சொடுக்கித் திரும்பினால் அளவும் மாறிவிடுகிறது.

இரண்டுக்கும் காரணம் மூலையைப் பிடித்து இழுத்ததுதான். படம் ஓர் அளவில் உருவாகிறது. நாம் அதை வேறு அளவுக்கு நீட்டுகிறோம். 'ஃபார்மட் ஆப்ஜெக்ட்' பெட்டியின் 'சைஸ்' தாவலில் உயரமும் அகலமும் 100 விழுக்காடு இருக்கட்டும். சிறிதாக வேண்டும் என்றால் வேர்டுக்குள் போய் எழுத்தின் அளவைக் குறையுங்கள், படத்தைச் சுருக்காதீர்கள். இறுதி அச்சுக்கு முன் ஆவணத்தைத் தாளுக்குள்ளேயே திறந்து மூடுவதைத் தவிர்ப்பதும் நல்லது. திறக்க வேண்டுமென்றால் 'ஓப்பன்' மூலம் தனிச் சாளரத்தில் திறந்தால் சட்டத்தின் அளவு கலைவது குறைவு.

வரிசைகளை வடிகட்டியதும் ஆவணம் நசுங்கிக் கோடாகிவிட்டது.

'ப்ராப்பர்டீஸ்' தாவலில் 'மூவ் அண்ட் சைஸ் வித் செல்ஸ்' என்று இருக்கிறது. வரிசை மறைந்தால் அதன்மேல் இருக்கும் ஆவணமும் அந்த அளவுக்குச் சுருங்கும். 'டோன்ட் மூவ் ஆர் சைஸ் வித் செல்ஸ்' என்று மாற்றுங்கள்.

உட்பொதிப்பதா, இணைப்பு வைப்பதா?

ஆவணத்தை யார் திருத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. நிபந்தனைகளைச் சட்டப் பிரிவில் ஒருவர் அவ்வப்போது புதுப்பிக்கிறார், உங்களுக்குப் புதியது வேண்டும் என்றால் இணைப்பு. ஒரு குறிப்பிட்ட நாளில் இருந்த வாசகம் மாறாமல் நிற்க வேண்டும் என்றால் உட்பொதிப்பு. ஒப்பந்தம், ஒப்புதல் கடிதம் போன்றவற்றுக்கு நான் எப்போதும் உட்பொதிப்பையே சொல்வேன்.

இணைப்பில் ஓர் ஆபத்து உண்டு. மூலக் கோப்பை இடம் மாற்றினாலோ பெயர் மாற்றினாலோ இணைப்பு அறுந்துவிடும். அறுந்தது தெரியாது, ஏனென்றால் பழைய படம் அங்கேயே இருக்கும், அச்சிலும் அதுவே வரும். இணைப்பு வைத்த கோப்பை அச்சிடும் முன் 'டேட்டா' பட்டையில் 'எடிட் லிங்க்ஸ்' என்பதற்குப் போய்ப் புதுப்பியுங்கள். புதிய பதிப்புகளில் அது 'வொர்க்புக் லிங்க்ஸ்' என்ற பெயரில் இருக்கிறது. இணைப்பு வைத்த கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் மூல ஆவணம் கூடவே போகாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

என் கணினியில் தமிழ் எழுத்து சரியாக இருக்கிறது. இன்னொருவர் அச்சிட்டால் குழம்பி வருகிறது.

அந்தப் படத்தில் எழுத்துகள் எழுத்துருவின் பெயரோடு பதிவாகின்றன. எழுத்துரு அந்தக் கணினியில் இல்லையென்றால் வேறு எழுத்துரு இடம்பிடிக்கும். தமிழில் உயிர்மெய்க் குறிகள் இடம் மாறியும் இணைந்தும் நிற்பதால் சேதம் கண்ணுக்கு உடனே தெரியும். யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சிட்ட ஆவணம் என்றால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாக வரும்.

முதல் வேலை, ஆவணத்தை யுனிகோடுக்கு மாற்றுவது. இரண்டாவது, விண்டோஸோடு வரும் நிர்மலா என்ற எழுத்துருவைப் பயன்படுத்துவது. சிறப்பு எழுத்துருவே வேண்டும் என்றால் வேர்டின் அமைப்புகளில் 'சேவ்' பகுதியில் எழுத்துருவைக் கோப்புக்குள் சேர்க்கும் தேர்வு இருக்கிறது. ஆனால் அது வேர்டில் திறக்கும்போதுதான் உதவும், எக்செல் காட்டும் படத்துக்கு அதை நம்ப முடியாது. அச்சிடுவதற்காக மட்டுமே அனுப்புகிறீர்கள் என்றால் பிடிஎஃப் அனுப்புங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே போய்விடும்.

உட்பொதித்த கோப்பை வெளியாருக்கு அனுப்பலாமா?

அனுப்பும் முன் ஒருமுறை யோசியுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அவர்களுக்குத் தெரிவது முதல் பக்கம். போய்ச் சேருவது முழு ஆவணம். இரண்டாம் பக்கத்தில் இருக்கும் உள்விவரம், அழித்ததாக நினைத்தாலும் 'டிராக் சேஞ்சஸ்' பதிவில் நிற்கும் பழைய விலை, ஓரத்தில் சக ஊழியர் எழுதிய கருத்து எல்லாம் கூடவே போகும். இருமுறை சொடுக்கினால் அத்தனையும் திறக்கும்.

பணித்தாளுக்குக் கடவுச்சொல் போட்டுவிட்டேன் என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். பணித்தாள் பாதுகாப்பு சொடுக்குவதைத்தான் தடுக்கும். மேலே சொன்ன ஜிப் வழியில் எவரும் ஆவணத்தை வெளியே எடுத்துவிடலாம். கோப்பைத் திறப்பதற்கே கடவுச்சொல் போட்டால்தான் உள்ளடக்கம் முழுவதும் மறையாக்கம் ஆகும். அப்போது ஜிப் வழியும் அடைபடும். படிக்க மட்டும் கொடுக்க வேண்டும் என்றால் பொருளை நகலெடுத்து, படமாக ஒட்டி, மூலப் பொருளை அழித்துவிட்டு அனுப்புங்கள். அல்லது பிடிஎஃப்.

அதே ஜிப் வழி நல்லதுக்கும் உதவும். கோப்பு சிதைந்து எக்செலில் ஆவணம் திறக்க மறுத்தால், 'எம்பெடிங்ஸ்' உறையிலிருந்து அதை மீட்டுவிட முடிவது உண்டு.

எழுத்துதான் அதிகம், கணக்கு ஒரு சிறு அட்டவணை. அப்போதும் எக்செலுக்குள்தான் வைக்க வேண்டுமா?

வேண்டாம். வேர்டை வீடாக்கி அட்டவணையை விருந்தாளியாக அழையுங்கள். பக்கம் பக்கமாக ஓடும் எழுத்தை அச்சிடுவதற்கென்றே அமைந்தது வேர்ட். உட்பொதிப்புச் சிக்கல்களில் பாதி, எதை எதற்குள் வைப்பது என்ற முதல் முடிவைத் தலைகீழாக எடுத்ததால் வருபவை.

அங்கும் ஒரு கவனம் தேவை. எக்செல் அட்டவணையைப் பொருளாக வேர்டில் உட்பொதித்தால் அது ஒரே பக்கத்துக்குள் அடங்க வேண்டும். பக்க முறிவில் பிரிந்து ஓடாது. கூடவே அந்த எக்செல் கோப்பின் எல்லாப் பணித்தாள்களும் உள்ளே வந்துவிடும். சம்பளப் பட்டியல் இருக்கும் கோப்பிலிருந்து பத்து வரிசையை எடுத்து ஒட்டினால் முழுப் பட்டியலும் பின்னால் ஒளிந்திருக்கும். சாதாரணமாக ஒட்டினால் வேர்ட் அட்டவணையாக வரும், பக்கங்களில் பிரிந்து ஓடும், தலைப்பு வரிசையை ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப வரவைக்கலாம்.

ஒரே கடிதம் நூறு பேருக்குப் போக வேண்டும், பெயரும் தொகையும் எக்செலில் இருக்கின்றன என்றால் அது உட்பொதிப்பே அல்ல. வேர்டின் 'மெயில் மெர்ஜ்' அதற்காகவே இருக்கிறது.

ஒரு பத்தி விளக்கம்தான். அதற்கும் உட்பொதிக்க வேண்டுமா?

தேவையில்லை. ஒரு கட்டத்தில் 32,767 எழுத்துகள் வரை பிடிக்கும். ஆனால் ஒரு வரிசையின் உயரம் 409 புள்ளிக்கு மேல், அதாவது சுமார் 14.4 செ.மீ.க்கு மேல் போகாது. அதற்கு மேற்பட்ட எழுத்து அச்சில் தெரியாது. இரண்டு, மூன்று பத்தி என்றால் 'டெக்ஸ்ட் பாக்ஸ்' வசதியானது. கோப்பும் கனக்காது, அச்சும் தெளிவாக வரும்.

பிடிஎஃப் கோப்பை உட்பொதிக்கலாமா?

அதே 'ஆப்ஜெக்ட்' வழியில் வைக்கலாம். அடோபி அக்ரோபேட் போன்ற மென்பொருள் கணினியில் எப்படி நிறுவப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து முதல் பக்கமோ சின்னமோ தெரியும். எதுவானாலும் எக்செலிலிருந்து அதன் எல்லாப் பக்கங்களும் அச்சாகாது. சேர்த்துவைக்க நல்லது, அச்சிட அல்ல.

லிப்ரேஆபிஸிலும் கூகுள் ஷீட்ஸிலும் எப்படி?

லிப்ரேஆபிஸ் கால்க்கில் 'இன்சர்ட்' மெனுவில் 'ஓஎல்இ ஆப்ஜெக்ட்' இருக்கிறது. கோப்பிலிருந்து எடுப்பது, இணைப்பு வைப்பது இரண்டும் முடியும். தெரியும் பகுதி மட்டுமே அச்சாகும் என்ற அடிப்படை அங்கும் அதேதான். அச்சில் வரவில்லையென்றால் 'பேஜ் ஸ்டைல்' பெட்டியின் 'ஷீட்' தாவலில் பொருள்களையும் படங்களையும் அச்சிடும் தேர்வு இயங்குகிறதா என்று பாருங்கள்.

கூகுள் ஷீட்ஸில் ஆவணத்தை உள்ளே வைக்க முடியாது. கட்டத்தில் ஆவணத்துக்கான இணைப்பை வைக்கலாம், பக்கத்தின் படத்தை வைக்கலாம். ஆவணத்தை அதன் இடத்திலிருந்தே அச்சிட வேண்டும்.

இருமுறை சொடுக்கினால் மூல மென்பொருளைத் தொடங்க முடியவில்லை என்று செய்தி வருகிறது.

வேர்ட் பின்னணியில் ஏதாவது பெட்டியைத் திறந்துவைத்து உங்கள் பதிலுக்குக் காத்திருக்கலாம். திறந்திருக்கும் வேர்ட் சாளரங்களை எல்லாம் பார்த்து, பெட்டிகளை மூடிவிட்டு மறுபடி முயலுங்கள். மின்னஞ்சலில் வந்த கோப்பு என்றால் மேலே மஞ்சள் பட்டையில் 'ப்ரொடெக்டட் வியூ' என்று இருக்கும். அந்த நிலையில் உள்ளே இருக்கும் எதுவும் திறக்காது. அனுப்பியவரை உங்களுக்குத் தெரியும், அந்தக் கோப்பை எதிர்பார்த்தீர்கள் என்றால் மட்டுமே 'எனேபிள் எடிட்டிங்' கொடுங்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பிய தாளில் 'இங்கே சொடுக்கவும்' என்று ஒரு சின்னம் இருந்தால் அதைத் தொடாமல் கோப்பை மூடிவிடுங்கள். தீய நிரல்களை இப்படி உட்பொதித்து அனுப்புபவர்கள் இருக்கிறார்கள்.